வீடு முதலா, வெளி முதலா? வேலூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேலாக வேலூரிலும் காட்பாடியிலும் மனைப்பிரிவு வரைபடமும் வீட்டு பிளானும் வரைந்து பிழைத்தவன் நான். இப்போது காலையில் கோட்டை அகழியை ஒட்டி நடக்கும்போதும், டீக்கடையிலும், ஏரியா சபைக் கூட்டத்திலும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறேன் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பேச்சு இதுதான்: ஊர் வளரும்போது ஏரி, கானாறு, மலையடிவாரம், மனிதர் நடக்கும் பாதை ஆகியவற்றை முதலில் வரைபடத்தில் பூட்டிவிட வேண்டும். வீடுகள் மிச்ச இடத்தில் வரட்டும். இப்போது நடப்பது தலைகீழ். இதைச் சொன்னபோது திரும்பி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில கேள்விகள் கோபமாக வந்தவை. பதில் நீளமாக இருப்பது அவற்றுக்குத்தான்.

திறந்தவெளி என்றால் பூங்காதானே?

பூங்கா அதில் ஒரு துண்டு. ஏரி, குட்டை, மலையிலிருந்து இறங்கும் கானாறு, வாய்க்கால் கரை, மந்தைவெளி, மேய்ச்சல் நிலம், தோப்பு, களம், பிள்ளைகள் பந்து விளையாடும் காலி இடம், பாலாற்றுப் படுகை எல்லாம் சேர்ந்ததுதான் வெளி. கிராமக் கணக்கில் இவை பலவற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. தீர்வைக் கணக்குக்கு வெளியே நின்ற நிலம் என்பதால் பொதுப்பெயர் புறம்போக்கு. இன்றைக்கு அந்தச் சொல்லை வைத்து ஆளைத் திட்டுகிறோம். ஊருக்கே சொந்தமான நிலத்தின் பெயர் எப்படித் திட்டாக மாறியது என்று யாராவது ஆராய்ந்தால் சுவையாக இருக்கும்.

வேலூருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? சுற்றிலும் மலையும் காடும்தானே?

நம் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் பழைய கிண்டல் தெரிந்திருக்கும். சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அந்தப் பட்டியல் போகும். கோட்டைக்குள் சாமி 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து திரும்பி வந்துவிட்டார். ஆற்றில் 2021 நவம்பரில் வந்த தண்ணீரைப் பார்த்து, ‘போதும் தாயே’ என்று கும்பிட்டோம். மலைதான் இன்னும் அப்படியே நிற்கிறது.

அந்த மொட்டைப் பாறைகள் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவில் கக்குகின்றன. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் செய்தியே இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடித் தரையில் கால் வைக்க முடியாததுதான் தொந்தரவு. பாறை செய்கிற வேலையையே ஊருக்குள் சிமெண்டும் தாரும் செய்கின்றன. மரமும் ஈர மண்ணும் உள்ள இடம் ஒவ்வொரு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு இரவில் மூச்சு வாங்க வழியிருக்கும். காட்பாடியில் குடியிருப்பவருக்கு அமிர்தி காட்டின் நிழல் எந்த விதத்தில் பயன்படும்?

அப்புறம் மழை. மலையிலிருந்து கானாறாக இறங்கும் தண்ணீர் ஏரிக்கு வரும், ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும், கடைசியில் பாலாறு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியில் மனைக்கல் நட்டால் போதும். தண்ணீர் அடுத்த தெருவுக்குள் வரும். நிக்கல்சன் கால்வாய் பொங்கினால் கன்சால்பேட்டைக்காரர்கள் பீரோவைக் கட்டில் மேல் ஏற்றுவதை ஊரே பார்த்திருக்கிறது.

எவ்வளவு வெளி இருந்தால் போதும் என்கிறீர்கள்?

மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்ட வழிகாட்டி நெறிமுறைகள் இருக்கின்றன. ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்கலாம் என்பது அவற்றின் பரிந்துரை. குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். இப்போதைய மாநகராட்சி எல்லைக்குள் 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 5 லட்சம் பேர். தலைக்கு 10 சதுர மீட்டர் என்றால் 50 லட்சம் சதுர மீட்டர், அதாவது சுமார் 1,235 ஏக்கர்.

எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. அகழியோடு சேர்த்து வேலூர்க் கோட்டை 133 ஏக்கர். அதுபோல ஒன்பது கோட்டை வேண்டும். நம்மிடம் இருப்பது ஒன்று. அதுவும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் தப்பித்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும் என்ற சட்டம் இல்லாவிட்டால் அகழியை ஒட்டி எத்தனை லாட்ஜ் எழும்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சொல்லப்போனால் அந்த ஒரு கோட்டைதான் ஊருக்குத் திண்ணை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குபவர்கள் சாயங்காலமானால் எங்கே உட்காருகிறார்கள்? லாட்ஜ் அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். கையில் ஸ்கேன் கவரோடு கோட்டைப் புல்தரையில் சாய்ந்திருக்கும் குடும்பங்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் நம் வாக்காளர்கள் இல்லை என்பதால் அவர்களுக்காக யாரும் பெஞ்சு கேட்பதில்லை.

வீடே இல்லாதவன் இருக்கும்போது உங்களுக்கு வாக்கிங் போக இடம் கேட்கிறதா?

இதுதான் கோபமாக வந்த கேள்வி. கேட்டவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். கேள்வி நியாயமானது, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

வேலூரைச் சுற்றி வெளியைத் தின்றது வீடு என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் தின்றது மனை. இரண்டும் ஒன்றில்லை. காட்பாடியைத் தாண்டி எந்தச் சாலையில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒரு வளைவு, அதில் ஏதாவது ஒரு ‘நகர்’ பெயர், உள்ளே மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள், வரிசையாக வைத்து வாடிப்போன தென்னங்கன்றுகள். திறப்பு விழா அன்று கொடி கட்டிய வேனில் ஆட்களைக் கூட்டிவந்து பிரியாணி போட்டிருப்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து நான் வரைந்த லேஅவுட் ஒன்றுக்கே போனேன். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வீடுகள். மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம். கற்களின் மஞ்சள் பெயிண்ட் போய், நம்பர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அங்கே முன்பு கேழ்வரகும் வேர்க்கடலையும் விளைந்தன. நடுவில் ஒரு வண்டிப்பாதை ஓடியது. இப்போது விளைச்சலும் இல்லை, வீடும் இல்லை, பாதையும் இல்லை.

வாங்கியவர்களைக் குறை சொல்லவில்லை. பெண் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்டவர்கள் அவர்கள். வங்கியில் போடுவதற்குப் பதில் மண்ணில் போட்டார்கள். ஆனால் இதை ‘வீட்டு வசதி’ என்று சொல்லி, அதற்காக ஏரி வாய்க்காலை விட்டுக்கொடுக்கச் சொல்வது அநியாயம்.

உண்மையில் வீடு வேண்டியவர் யார்? அந்த மூட்டை தூக்குபவர், லாட்ஜில் துணி துவைக்கும் அம்மா, இரவுப் பணி முடிந்து வரும் நர்ஸ், பீடி சுற்றும் குடும்பம். இவர்களுக்கு வேண்டியது கட்டுப்படியாகும் வாடகையில், வேலைக்கு நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகிற தூரத்தில் ஒரு வீடு. பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் 1,200 சதுர அடி மனை அவர்களுக்கு எதற்கு? ஊருக்குள்ளேயே மேலே எழுப்ப இடமிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, உயரமில்லாத சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2. அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். ஆனால் நம் தெருக்களில் பாதிக்கு மேல் ஒற்றைத் தள வீடுகள். பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டுவது, ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் மனைகளுக்குக் கூடுதல் வரி போடுவது, வாடகை வீடு கட்டுபவருக்குச் சலுகை கொடுப்பது என்று வழிகள் இருக்கின்றன. இதையெல்லாம் செய்துவிட்டும் இடம் பற்றவில்லை என்றால் அப்போது ஏரியைப் பற்றிப் பேசுவோம். அப்போதும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்பது வேறு விஷயம்.

மூட்டை தூக்குபவர் கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? “வாடகை வீடு வாங்கிக் கொடு சார், அப்புறம் நானும் நடக்க வர்றேன்.”

லேஅவுட் போடும்போதே பத்து சதவீதம் பூங்காவுக்கு விடுகிறார்களே, அது போதாதா?

அந்த இடத்துக்கு எங்கள் தொழிலில் ஓஎஸ்ஆர் என்று பெயர். விதி என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிலம் 3,000 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 74 சென்ட் வரை இருந்தால் எதுவும் விட வேண்டாம். அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலை நீங்கலாகப் பத்து சதவீதம் விடலாம், அல்லது அதற்கான மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல், பத்து சதவீதத்தை இடமாகவே விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும்.

விதியில் பெரிய குறை இல்லை. வரைபவன் கையில்தான் சூட்சுமம் இருக்கிறது. வரைந்தவனே சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு நாள் ஐந்து ஏக்கர் நிலத்துக்கு லேஅவுட் வரையச் சொல்லி ஒருவர் வந்தார். எஃப்எம்பியை, அதாவது நிலத்தின் புல வரைபடத்தை, மேசையில் விரித்தோம். கிழக்கு மூலையில் பள்ளம். பக்கத்து ஏரிக்குப் போகும் பழைய ஓடை அதை உரசிக்கொண்டு போகிறது. அவர் பேனாவின் மூடியால் அந்த மூலையைத் தட்டினார். “பார்க்கை இங்க தள்ளிடுங்க. இந்த இடத்தை எவனும் வாங்க மாட்டான்.” தள்ளினேன். அளவு சரி, வழி சரி, அப்ரூவலும் வந்தது. அடுத்த ஐப்பசி மழையில் அந்தப் பூங்காவில் தவளைகள் விளையாடின. பிறகு லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கினார்கள். ஒரு சீசா, ஒரு சறுக்கு மரம், சுற்றிக் கம்பிவேலி. மேடாக்கியதும் தண்ணீர் பக்கத்து வரிசை வீடுகளுக்குப் போனது.

எனக்கு இப்போது உறைப்பது இதுதான். அந்தப் பள்ளத்தை ஓஎஸ்ஆர் ஆக்கியதில் தப்பே இல்லை. பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டு, கரையில் நாலு நாவல் மரமும் ஓர் ஒற்றையடிப் பாதையும் வைத்திருந்தால் அதைவிடச் சிறந்த திறந்தவெளி கிடையாது. சீசா இல்லாத இடம் பூங்கா ஆகாது என்று எல்லோரும் நினைத்ததுதான் வினை.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரே சொந்தக்காரர் நிலத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் 3,000 சதுர மீட்டருக்குக் கீழே காட்டித் தனித்தனியாக விண்ணப்பிப்பது. நாலு துண்டும் சேர்ந்தால் ஒரு கிராமம் மாதிரி இருக்கும். விளையாட ஒரு கட்டாந்தரைகூட இருக்காது.

இடம் விட்டபின் அதைக் காப்பதும் பெரிய வேலை. மேல்நிலைத் தொட்டி வரும், டிரான்ஸ்பார்மர் வரும், ரேஷன் கடை வரும். எல்லாம் ஊருக்கு வேண்டியவைதான், அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது உச்ச நீதிமன்றம் 1991இல் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. மருத்துவமனைக்கே அப்படி என்றால் மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாஸ்டர் பிளானில் பச்சை அடித்துவிட்டால் வேலை முடிந்ததா?

முடியாது. நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 38ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. திட்டத்தில் பூங்காவுக்கென்று தனியார் நிலத்தை ஒதுக்கிவிட்டு, அறிவிப்பு வந்த மூன்று ஆண்டுக்குள் அதைக் கையகப்படுத்தவோ பேசி வாங்கவோ நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஒதுக்கீடு தானாகவே விலகிவிடும். மூன்று வருடம் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்று அரசு அலுவலகப் படி ஏறியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே நான் எப்போதும் சொல்வது: புதிதாக நிலம் எடுப்பதில் சக்தியைச் செலவழிக்கும் முன், ஏற்கெனவே பொது நிலமாக இருப்பதைக் கணக்கெடுங்கள். ஏரி, குட்டை, ஓடை, வண்டிப்பாதை, தானமாக வந்த ஓஎஸ்ஆர். இவற்றுக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். எல்லைக்கல் நட்டு, வரைபடத்தில் ஏற்றினால் போதும். ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வேறு துணைக்கு இருக்கிறது.

நடைபாதையை ‘ட்ரெயில்’ என்கிறீர்களே, அது வெள்ளைக்காரன் பழக்கம் இல்லையா?

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கேட்பதுதான் வேடிக்கை. அந்த ஊரும் 1989 வரை நம் வேலூரோடு ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். கிரிவலப் பாதை என்ன சொல்லித் தருகிறது? நடப்பதற்கென்றே ஒரு வழி, வழியெல்லாம் தண்ணீரும் நிழலும் உட்கார இடமும், பணக்காரனும் ஏழையும் ஒரே தூசியில். பெயரைத்தான் மாற்றிச் சொல்கிறோம்.

இங்கேயே வழிகள் இருக்கின்றன. விருதம்பட்டிலிருந்து காங்கேயநல்லூர் பக்கம் பாலாற்றின் வடகரையை ஒட்டி ஒரு மண்பாதையை யோசித்துப் பாருங்கள். சூரியன் எழும்போது எதிர்க்கரையில் கோட்டை மலைகள். குப்பை கொட்டுகிறவன் கண்ணுக்கு அது ஒதுக்குப்புறம். காலையில் நூறு பேர் நடந்தால் குப்பை வண்டி வரத் தயங்கும். அதேபோல ஓட்டேரியிலிருந்து பாலமதி மலைக்கு இப்போதே ஆட்கள் நடக்கிறார்கள், சைக்கிளில் ஏறுகிறார்கள். அங்கே வேண்டியது குடிநீரும் குப்பைக் கூடையும், கோடையில் தீ வைக்காதீர்கள் என்று சொல்ல ஓர் ஆளும்தான். வள்ளிமலைக்குப் போகிறவர்கள் படியேறிச் சமணக் குகைகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அந்த மலையைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும்.

காட்டுக்குள் போவது தனி. அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 மலைப்பாதைகளுக்கு இணையப் பதிவைத் தொடங்கியது. ஏலகிரியும் அதில் இருக்கிறது. நான் கேட்பது அதுவல்ல, டிக்கெட் இல்லாமல் லுங்கியோடு நடக்கிற பாதை.

வண்டிப்பாதை என்று பழைய கணக்கில் இருக்கிறதாம். அதை மீட்க முடியுமா?

முடியும். மனைப்பிரிவுக்குள் புதைந்தவற்றைக் கண்டுபிடிப்பதுதான் சள்ளை. கிராமத்து நில விவரம் எழுதிய அ பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு எதிரே பாதை, ஓடை, வாய்க்கால் என்று எழுதியிருந்தால் அது பொது நிலம். இந்தத் துண்டுகளை வரைபடத்தில் ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தால், ஒரு ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே வாய்க்கால் கரை வழியாகவே ஒரு நடைபாதை கிடைக்கும். நான் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை இதுதான். சீட்டாடுவதைவிடச் சுவாரசியம்.

அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் இப்படிச் செய்து வீட்டு விலை ஏறிவிட்டதாமே?

கொலராடோவில் உள்ள போல்டரைச் சொல்கிறீர்கள். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான். 1959இல் மலைச்சரிவில் ஒரு உயரத்துக்கு மேல் நகரத் தண்ணீர்க் குழாய் போகாது என்று வாக்களித்தார்கள். குழாய் இல்லை என்றால் வீடு எப்படி வரும்? 1967இல், டாலருக்கு 0.4 சென்ட் வீதம் விற்பனை வரி கட்டுகிறோம், அந்தப் பணத்தில் திறந்தவெளி வாங்குங்கள் என்று மறுபடி வாக்களித்தார்கள். இன்று அந்த நகரத்திடம் 45,000 ஏக்கருக்கு மேல் வெளியும் 150 மைலுக்கு மேல் நடைபாதையும் இருக்கின்றன.

ஆமாம், விலை ஏறிவிட்டது. வெளியைக் காத்ததோடு ஊருக்குள் உயரமாகவும் நெருக்கமாகவும் கட்டுவதையும் சேர்த்துக் கட்டுப்படுத்தினார்கள். அங்கே வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானோர் பக்கத்து ஊர்களில் குடியிருந்து தினமும் காரில் வருகிறார்கள். வரியைப் போட்டு வெளி வாங்கியது நமக்குப் பாடம். வெளியைக் காப்பாற்றிவிட்டு உள்ளே கதவைச் சாத்தியது எச்சரிக்கை. அதனால்தான் மேலே வாடகை வீட்டைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதினேன்.

ஓடைக்கரையில் குடிசை போட்டிருப்பவர்களை என்ன செய்வீர்கள்? ஜேசிபியா?

இதில் எனக்கே மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. ஓடைக்கரை ஆபத்தான இடம்; வெள்ளத்தில் முதலில் போவது அந்த வீடுதான். ஆனால் ஏழைகள் ஐம்பது வீடு கட்டினால் ஆக்கிரமிப்பு, அதே ஓடையை ஒட்டி வசதியானவர் கல்யாண மண்டபம் கட்டினால் ‘பட்டா வாங்கிவிட்டார்’ என்கிறோம். வரிசையை மாற்ற வேண்டும். முதலில் தண்ணீர்ப் பாதையை மறிக்கும் பெரிய கட்டடங்கள். அப்புறம் குடிசைகள், அதுவும் மாற்று வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்த பிறகு, பிள்ளைகள் அதே பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில். ஊருக்கு வெளியே எங்கோ நாலு மாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் விட்டால், வேலை இல்லாமல் ஆறு மாதத்தில் திரும்பி வந்து வேறு ஓடைக்கரையில் குடியிருப்பார்கள்.

என் பட்டா நிலத்தைப் பச்சை என்று போட்டால் நான் நடுத்தெருவில் நிற்பதா?

வேண்டாம். உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும், அல்லது டிடிஆர் எனப்படும் வளர்ச்சி உரிமை மாற்றம் தர வேண்டும். நிலத்தைப் பொதுவுக்குக் கொடுத்தவர் அதற்கு ஈடான கட்டும் உரிமையை வேறு இடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ செய்யலாம் என்பது அதன் சாரம். விதியில் இருக்கிறது. நம் பக்கத்தில் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

ஏரிக்கரையில் டைல்ஸ் போட்டு லைட் வைத்தால் நன்றாகத்தானே இருக்கும்?

போட்டோவுக்கு நன்றாக இருக்கும். கரையைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்பி ஏரியைத் தொட்டியாக்கிவிட்டால் வரத்து வாய்க்கால் எங்கே நுழையும்? எனக்கு மண்பாதை போதும். முட்டிவலிக்காரர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் ஒரு பக்கம் மட்டும் கெட்டித் தரை. விளக்கு வேண்டும், ஆனால் தண்ணீரை நோக்கி அடிக்காமல் பாதையை நோக்கி.

பெண்கள் அங்கே பயமில்லாமல் நடக்க முடியுமா?

என் மனைவி சொன்ன பதிலை எழுதுகிறேன். “சுத்தமான கழிவறை, ஒரு டீக்கடை, ரெண்டு பக்கமும் வெளியே போக வழி. இது மூணும் இருந்தா போதும். போலீஸ் பூத் அப்புறம் பார்க்கலாம்.” பூங்காக்களை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவதால்தான் வெளியே இருட்டில் குடிகாரர்கள் உட்காருகிறார்கள் என்பதும் அவர் கட்சி. மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பராமரிக்கப் பணம்?

ஓஎஸ்ஆருக்குப் பதிலாகக் கட்டப்படும் பணம் அந்தந்தப் பகுதி வெளிக்கே செலவாக வேண்டும் என்று கேளுங்கள். மண்பாதைக்கும் வேம்பு, புங்கன், பூவரசு மரங்களுக்கும் ஆகும் செலவு செயற்கை நீரூற்றுக்கு ஆவதில் சிறு பங்குதான். செலவு முதல் மூன்று கோடையில்தான். கன்று நட ஆயிரம் பேர் வருவார்கள். மே மாதம் குடம் தூக்க யார் வருகிறார்கள் என்று பார்த்து அவர்களிடம் சாவியைக் கொடுங்கள்.

நான் தனி ஆள். எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் தெருவிலிருந்தே. நீங்கள் இருக்கும் லேஅவுட்டின் அப்ரூவல் எண்ணைப் பத்திரத்தில் பாருங்கள். அந்த வரைபடத்தின் நகலை வாங்கி, பூங்கா என்று காட்டிய இடம் நேரில் என்னவாக இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால் தானப் பத்திரம் பதிவானதா என்று தெரிந்துவிடும். பதிவாகவில்லை என்றால் அது இன்னும் லேஅவுட் போட்டவர் பெயரில்தான் இருக்கும். அவர் பிள்ளைகள் ஒரு நாள் அதை மனையாக விற்க வருவார்கள். பட்டாவும் அ பதிவேடும் புல வரைபடமும் வருவாய்த்துறை இணையதளத்திலேயே கிடைக்கின்றன. கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஏரியா சபையில், கிராமம் என்றால் கிராம சபையில், ‘பூங்கா வேண்டும்’ என்று பொதுவாகப் பேசாதீர்கள். சர்வே எண்ணைச் சொல்லி, ‘இந்த இடத்துக்கு எல்லைக்கல் நட வேண்டும்’ என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாத தீர்மானம் காற்றில் போகும். மாஸ்டர் பிளான் என்ற முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் சொல்ல அவகாசம் தருவார்கள். அதற்குள் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் லேஅவுட் பூங்கா இடத்தில் ஏற்கெனவே பிள்ளையார் கோயில் கட்டிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் காதோடு காதாகக் கேட்கிறார்கள். பொது இடத்தில் புதிதாக எந்த மத வழிபாட்டுக் கட்டடமும் எழுப்ப அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் உத்தரவிட்டிருக்கிறது. அது இனி வருவதைத் தடுக்க உதவும். இருப்பதைப் பற்றிப் பிள்ளையாரோடு வழக்குக்குப் போகாதீர்கள், தெரு இரண்டாகிவிடும். மிச்சம் எத்தனை சென்ட் இருக்கிறது என்று சங்கிலி பிடித்து அளந்து, கோயில் சுவரை ஒட்டியே உயிர்வேலி போட்டுவிடுங்கள், மண்டபம் நீளாமல் இருக்க. ஓர் அரசமரக் கன்றை வடக்கு மூலையில் வையுங்கள். அதைப் பிள்ளையார் பெயரில் வைத்தால் யாரும் பிடுங்க மாட்டார்கள்.